குருமனைப் பிள்ளைகள் (குடும்பக் குழு)

வியாழன்

காலை 4:11
அப்பா: அப்பா இன்று அதிகாலை 3:40-க்குக் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். கஷ்டப்படவில்லை.

4:12
ஏரல் அத்தை: ஐயோ அப்பா
ஏரல் அத்தை: போனை எடு தம்பி

4:19
துபாய் சித்தப்பா: இப்போதுதான் பார்த்தேன். பக்கத்தில் யார் இருந்தது?

4:26
அப்பா: நானும் இவளும். ராத்திரி 9 மணிக்கு அரை டம்ளர் கஞ்சி குடித்தார்கள். என்ன கிழமை என்று கேட்டார்கள், புதன் என்றேன். "ஞாயிற்றுக்கிழமை எந்த ஊர் முறை?" என்றார்கள். ஏதாவது ஓர் ஊர் சொல்ல வேண்டுமே என்று முதலூர் என்றேன். "முதலூரில் நான் சபை ஐயராக இருந்ததே இல்லையே" என்றார்கள். அதுதான் கடைசிப் பேச்சு.

4:27
மதுரை அக்கா: 🙏
மதுரை அக்கா: சித்தப்பா நாங்கள் கிளம்பிவிட்டோம்

4:31
சின்ன அத்தை: பிறந்த ஊரைக்கூட எந்தச் சேகரம் (சபை வட்டாரம்) என்றுதான் பார்த்திருக்கிறார்கள்

4:40
பெரியப்பா: எல்லோரும் கேளுங்கள். நான் 6 மணிக்கு அங்கே இருப்பேன். யாரும் தனித்தனியாகப் போஸ்டர் அடிக்க வேண்டாம். ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாகிவிட்டதா?

4:41
அப்பா: இல்லை அண்ணே. ஒரு விஷயம் இருக்கிறது, நேரில் சொல்கிறேன்.

4:41
பெரியப்பா: இங்கேயே சொல்

4:52
அப்பா: அப்பாவின் பாமாலைப் பாட்டுப் புத்தகத்துக்குள் ஒரு தாள் இருந்தது. பென்சிலில் எழுதியிருக்கிறார்கள். அப்படியே தட்டச்சு செய்கிறேன்.
"ஐஸ் பெட்டி வேண்டாம். மறுநாள் சாயங்காலத்தைத் தாண்ட வேண்டாம். வேம்புப் பலகைப் பெட்டி போதும். மாலை வாங்குகிற பணத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பரீட்சைக் கட்டணத்துக்குக் கொடுத்துவிடுங்கள். பிரசங்கத்தில் என்னைப் பற்றி 5 நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். இடம்:"

4:53
ஏரல் அத்தை: இடம்?

4:54
அப்பா: இடம் என்று எழுதி, பக்கத்தில் என்னவோ எழுதி, அழித்திருக்கிறார்கள்.

4:55
துபாய் சித்தப்பா: எனக்குத் திருவனந்தபுரம் விமானம் நாளைக் காலை 8 மணிக்குத்தான் இறங்கும். அங்கிருந்து பாளையங்கோட்டைக்கு எப்படியும் 12:30 ஆகிவிடும். ஐஸ் பெட்டி இல்லாமல் எப்படி?

4:56
பெரியப்பா: பெட்டி வரும். சொல்லிவிட்டேன். அப்பா அந்தக் காலத்தை நினைத்து எழுதியிருப்பார்கள்.

5:03
தூத்துக்குடி மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

5:04
தூத்துக்குடி மாமா: மன்னியுங்கள், காலை வணக்கப் படம் பழக்கத்தில் போய்விட்டது. இப்போதுதான் மேலே வாசித்தேன். ஐயரைப் போல ஒரு மனுஷரைப் பார்க்க முடியாது.

5:30
நான்: அந்தத் தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். முதல் எழுத்து 'க' மாதிரி இருக்கிறது.

5:31
பெரியப்பா: 'பா' ஆக இருக்கும். பாளை. கல்லறைத் தோட்டத்தில் இடமும் இருக்கிறது. முடிந்தது.

5:31
சின்ன அத்தை: க என்றால் கரிசல்

5:32
பெரியப்பா: காலையிலேயே ஆரம்பிக்காதே

6:48
அப்பா: அண்ணன் வந்தாயிற்று. ஐஸ் பெட்டியும் வந்துவிட்டது. வெள்ளை அங்கி போட்டு ஸ்டோல் அணிவித்திருக்கிறோம். பேராயர் அலுவலகத்துக்குச் சொல்லியாயிற்று, நேரம் பிறகு சொல்வார்களாம்.

6:50
மதுரை அக்கா: கண்ணாடி போட்டுவிடுங்கள் சித்தப்பா. கண்ணாடி இல்லாமல் தாத்தாவை நான் பார்த்ததே இல்லை

6:51
பெரியம்மா: காபி வைக்கப் பால் 6 லிட்டர் போதுமா? 10 சொல்லவா?

6:51
ஏரல் அத்தை: 10 சொல்லுங்கள் மைனி

7:15
அப்பா: கரிசல் சேகரத்திலிருந்து போன் வந்தது. சபைச் செயலர் பேசினார். அவர்கள் கமிட்டி கூடிப் பேசிவிட்டார்களாம். பாட்டிக்குப் பக்கத்தில் அப்பாவை வைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். இடம் அளந்து கயிறு கட்டிவிட்டார்களாம்.

7:16
சின்ன அத்தை: ஆண்டவரே

7:17
பெரியப்பா: அந்தச் செயலர் யாருடைய மகன் தெரியுமா?

7:17
அப்பா: தெரியும் அண்ணே

7:18
பெரியப்பா: 1979 மனுவில் முதல் கையெழுத்து அவருடைய அப்பா போட்டது. நான் மறக்கவில்லை. பாதி ராத்திரியில் லாரியில் சாமான் ஏற்றினோம். எனக்கு 19 வயது. ஒரு வீட்டுக் கதவு திறக்கவில்லை.

7:20
துபாய் சித்தப்பா: எனக்கு 11. லாரி மேலே உட்கார்ந்து வந்தது ஞாபகம் இருக்கிறது. சைக்கிளை என் மேலே சாய்த்துக் கட்டியிருந்தீர்கள்.

7:22
சென்னை அண்ணன்: என்ன மனு? எங்களுக்கு யாரும் சொன்னதே இல்லையே

7:45
ஏரல் மாமா (வாத்தியார்): பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும். தாத்தா 1974-இல் அந்தச் சேகரத்துக்குப் போனார்கள். கோவில்பட்டி தாண்டி, 13 ஊர்கள், ஒரு சைக்கிள். ஞாயிறு காலை ஓர் ஊர், மாலை ஓர் ஊர் என்று முறை வைத்துப் போவார்கள். ஐயர் வராத ஞாயிறு அந்தந்த ஊரில் உபதேசியார் ஆராதனை நடத்துவார். நற்கருணை ஐயர் வரும் நாளில்தான். மழை பெய்தால் கரிசல் மண் சக்கரத்தில் அப்பி சைக்கிள் நகராது, தோளில் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். அறுப்பின் பண்டிகைக்குப் பணமாக யாரும் கொடுக்க மாட்டார்கள். கம்பு, சோளம், உளுந்து, மிளகாய் வத்தல், ஒரு கோழி, இரண்டு முட்டை. எல்லாம் ஏலத்தில் போகும். 1978-இல் பாட்டி அங்கேதான் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார்கள். அதற்கு அடுத்த வருஷம், கோயிலைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா இறந்தார். அந்த அம்மாவின் ஆட்களுக்கு அடக்கம் ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் என்று வழக்கம். ஞானஸ்நானப் பதிவேட்டில் எல்லாப் பெயரும் ஒரே வரிசையில்தான் இருக்கிறது, மண்ணில் மட்டும் எதற்கு இரண்டு வரிசை என்று கேட்டு, கல்லறைத் தோட்டத்துக்குள், பாட்டியின் கல்லறைக்கு அடுத்தபடியாக அடக்கம் பண்ணினார்கள். அதற்குத்தான் மனு. மூன்று வாரத்தில் மாறுதல் உத்தரவு வந்துவிட்டது.

7:47
சென்னை அண்ணன்: தாத்தா இதைச் சொன்னதே இல்லை

7:48
ஏரல் அத்தை: அவர்கள் சொல்ல மாட்டார்கள்

7:49
மதுரை அக்கா: அப்பா நீங்களும் சொன்னதில்லை

7:52
பெரியப்பா: சொல்லி என்ன ஆகப்போகிறது. மனுவில் அந்த விஷயத்தை எழுதவே இல்லை. பண்டிகைக் கணக்கில் 40 ரூபாய் குறைகிறது என்று எழுதினார்கள். அப்பா மேல் திருட்டு.

7:53
பெரியப்பா: அந்த மண்ணில் நான் அப்பாவை வைக்க மாட்டேன்.

8:02
ஏரல் மாமா (வாத்தியார்): மச்சான், ஒன்று மட்டும். சபைக்குள் சாதி கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-லேயே எழுதிவிட்டார். அப்போதே எத்தனை எதிர்ப்பு! தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரியவர்களே அதை ஏற்கவில்லை. 1833-இல் எழுதியதை 1979-இல் ஓர் ஐயர் ஒரு குழி அளவுக்குச் செய்து காட்டினார் என்றால், அந்தக் குழி இருக்கும் இடம்தானே அவருடைய இடம்?

8:03
பெரியப்பா: மாப்பிள்ளை, இது வகுப்பு இல்லை

8:03
ஏரல் அத்தை: நீங்கள் சும்மா இருங்கள், அண்ணன் மனசு சரியில்லை

8:20
பெரியம்மா: மதியச் சாப்பாடு வெளியே சொல்லிவிட்டேன். சாம்பார், ரசம், ஒரு பொரியல். 80 பேருக்கு.

8:21
தூத்துக்குடி மாமா: என் வண்டி காலியாகத்தான் வருகிறது, யாரையாவது ஏற்ற வேண்டும் என்றால் சொல்லுங்கள்

8:24
சென்னை அண்ணன்: நான் வந்தே பாரத்தில் வருகிறேன், ராத்திரி ஆகிவிடும். நெல்லை ஜங்ஷனுக்கு யாராவது?

8:24
நான்: நான் வருகிறேன் அண்ணா

8:35
துபாய் சித்தப்பா: போஸ்டருக்கு எந்தப் படம்?

8:36
நான்: ஓய்வு பெற்ற அன்று எடுத்தது. 1998.

8:37
மதுரை அக்கா: வேண்டாம், அதில் தாத்தா அழுதுகொண்டிருப்பது தெரியும்

8:38
சின்ன அத்தை: அது அழுகை இல்லை. போக வீடு எது என்று தெரியாமல் நின்ற முகம்

8:44
பெரியப்பா: வீடு நான் பார்த்து வைத்திருந்தேன். கடன் வாங்கித்தான். எல்லோருக்கும் தெரியும்.

8:45
துபாய் சித்தப்பா: நானும் அனுப்பினேன் அண்ணே

8:45
பெரியப்பா: அனுப்பவில்லை என்று சொன்னேனா?

8:46
அப்பா: இன்றைக்கு வேண்டாமே

8:50
ஏரல் அத்தை: 35 வருஷம் ஊழியம் செய்துவிட்டு அப்பா குருமனையை விட்டு வரும்போது என்ன இருந்தது? இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு சைக்கிள், அம்மாவின் அரிசிக் கலயம். அம்மா போன பிறகும் உலை வைக்கும்போதெல்லாம் அந்தக் கலயத்தில் ஒரு கைப்பிடி அரிசி போட்டுவிட்டுத்தான் அரிசி களைவார்கள். பாளையிலும் போட்டார்கள். சனிக்கிழமை கோயிலுக்குக் காணிக்கையாக எடுத்துப் போவார்கள். வாங்குவதற்கு அங்கே ஆளே இருக்காது, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு வருவார்கள்.

8:52
நான்: கலயம் இப்போதும் அடுப்படியில் இருக்கிறது. புதன்கிழமை வரைக்கும் அரிசி இருக்கிறது.

8:53
சின்ன அத்தை: அதைத் தொடாதீர்கள் யாரும்

9:10
மதுரை அக்கா: தாத்தாவின் பிரசங்க நோட்டுகள் எங்கே? பெட்டிக்குள் ஒன்று வைக்கலாம்

9:11
பெரியப்பா: ஏரலில். வெள்ளத்தில் போனது போக மீதி.

9:14
ஏரல் அத்தை: அண்ணே, வேண்டுமென்றா விட்டேன்? 2023 டிசம்பரில் ஆற்றுத் தண்ணீர் ஜன்னல் வரைக்கும் வந்தது. நாங்களே மாடியில் இரண்டு நாள் கிடந்தோம். 38 நோட்டில் 11-ஐ ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் கொடியில் போட்டுக் காய வைத்தேன். ஒரு வாரம் கிளிப் போட்டுக் காய வைத்தேன்.

9:15
பெரியப்பா: உன்னைக் குறை சொல்லவில்லை

9:22
ஏரல் அத்தை: 1974 முதல் 79 வரைக்கும் உள்ள நோட்டுகள் தப்பிவிட்டன. கையோடு கொண்டு வருகிறேன்.

9:40
ஏரல் மாமா (வாத்தியார்): காலையிலிருந்து யோசித்தேன். தூரம் என்று யாராவது சொன்னால் ஒன்று சொல்ல வேண்டும். கால்டுவெல் ஐயர் 1891 ஆகஸ்ட் 28-இல் கொடைக்கானலில் இறந்தார்கள். அங்கேயே அடக்கம் பண்ணியிருக்கலாம். மலையிலிருந்து இறக்கி இடையன்குடிக்குக் கொண்டுவந்து, அவர்களே கட்டிய கோயிலில் வைத்தார்கள். ஐஸ் பெட்டி இல்லாத காலம். ஏன்? 1841-இல் வந்து அந்தத் தேரி மணலில்தானே வாழ்க்கையைப் போட்டார்கள்! அசரியா பேராயரை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர். அப்பா அந்த ஊர் ஐயர். ஆனால் 1945 ஜனவரி 1-இல் தோர்ணக்கல்லில் இறந்து அங்கேயே அடக்கம். யாரும் வெள்ளாளன்விளைக்குக் கொண்டுவரவில்லை. ஊழியம் செய்த மண்தான் ஐயர்மாருக்குச் சொந்த மண்.

9:42
பெரியப்பா: மிஷனரி ரேனியஸ் ஐயர் பாளையில்தானே அடக்கமாகி இருக்கிறார்?

9:44
ஏரல் மாமா (வாத்தியார்): அவர்கள் ஊழியம் செய்ததே பாளையில்தானே மச்சான். 1835-இல் மிஷனோடு பிரிவு வந்து வெளியே நிறுத்தினார்கள். அப்போதும் ஜனங்கள் அவர்களை விடவில்லை. 1838-இல் இறந்தபோது 47 வயது.

9:45
பெரியப்பா: அங்கே ஜனங்கள் விடவில்லை. எங்கள் அப்பாவை விட்டுவிட்டார்கள். அதுதான் வித்தியாசம்.

9:46
ஏரல் மாமா (வாத்தியார்): அது சரிதான் மச்சான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

10:05
பெரியப்பா: அப்புறம் இன்னொன்று. ஆராதனையில் நாகர்கோவில் மாப்பிள்ளை ஜெபம் பண்ணுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்பா வாழ்ந்த முறைப்படி அடக்கம் நடக்க வேண்டும். கையைத் தூக்கிச் சத்தம் போடுவதெல்லாம் வேண்டாம்.

10:06
சின்ன அத்தை: அவர் கேட்கவே இல்லை பெரியண்ணே. கடைசி வரிசையில் நிற்கிறேன் என்றுதான் சொன்னார்.

10:09
சின்ன அத்தை: நான் திரும்ப முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தபோது நீங்கள் யாரும் இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. அப்பா மறுநாளே கடிதம் போட்டார்கள். "நான் ஊற்றிய தண்ணீர் இன்னும் காயவில்லை, அதன் மேல் நீ எவ்வளவு ஊற்றினாலும் எனக்கு வருத்தமில்லை. மழை வருகிறது, குழந்தைக்குக் காது மூடிக் கட்டு." இவ்வளவுதான் கடிதம்.

10:10
மதுரை அக்கா: அத்தை 😢

10:15
அப்பா: மாப்பிள்ளை ஒரு சின்ன ஜெபம் வீட்டில் வைத்துச் செய்யட்டும் அண்ணே. பெட்டி மூடுவதற்கு முன்.

10:21
பெரியப்பா: சின்ன ஜெபம்.

11:30
சின்ன அத்தை: நான் ஒன்று சொல்லலாமா? அம்மா போனபோது எனக்கு 7 வயது. முகம் நிச்சயமாக ஞாபகம் இல்லை. படத்தில் பார்த்ததைத்தான் ஞாபகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேனோ என்னவோ. ஆனால் அந்தக் கல்லறையின் சுண்ணாம்பு வாசம் ஞாபகம் இருக்கிறது. கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் அப்பா என்னைக் கைபிடித்துக் கூட்டிப் போய், தானே வெள்ளை அடித்தார்கள். மாறுதலாகி வந்த பிறகு ஒரு தடவை கேட்டேன், அம்மாவுக்கு இப்போது யார் வெள்ளை அடிப்பார்கள் என்று. பதில் சொல்லவில்லை. நாம் யாரும் 46 வருஷமாகப் போகவில்லை.

11:41
அப்பா: அப்பா போவார்கள்.

11:41
ஏரல் அத்தை: என்ன?

11:44
அப்பா: வருஷா வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி, பழைய சிநேகிதரைப் பார்க்கப் போகிறேன் என்று கோவில்பட்டி பஸ் ஏறுவார்கள். 85 வயது வரைக்கும். திரும்பி வந்தால் சட்டைக் கையில் சுண்ணாம்பு இருக்கும். நான் கேட்டதில்லை. அதற்கு அப்புறம் முடியாமல் போனதும், அந்தச் செயலருக்கு மணியார்டர் அனுப்பினார்கள், நான்தான் தபால் ஆபீசுக்குப் போய்வருவேன். இரண்டு கல்லறைக்கும் சேர்த்து அவர்தான் வெள்ளை அடிக்கிறார்.

11:45
மதுரை அக்கா: இரண்டா?

11:45
அப்பா: பாட்டிக்கும், கோயில் பெருக்கின அந்த அம்மாவுக்கும்.

11:58
ஏரல் அத்தை: பெரியண்ணே

12:20
பெரியம்மா: அவர்கள் போனை வைத்துவிட்டு வெளியே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் விடுங்கள்.

பிற்பகல் 1:35
துபாய் சித்தப்பா: பேராயர் நேரம் சொன்னாரா?

1:36
நான்: நாளை 1 மணிக்கு ஆராதனை, பாளையில். அது மட்டும் உறுதி.

1:38
தூத்துக்குடி மாமா: அப்படியானால் 2:30-க்குக் கிளம்பினால் 4:30-க்குக் கரிசலில் இருக்கலாம். தாளில் இருக்கிறபடி சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். வேன் இரண்டு வேண்டும்.

1:40
சென்னை அண்ணன்: கரிசல்தான் என்று முடிவாகிவிட்டதா?

1:40
தூத்துக்குடி மாமா: இல்லையா?

1:52
பெரியப்பா: முடிவு எதுவும் இல்லை. பாளையிலும் குழிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், வேண்டாம் என்று இன்னும் சொல்லவில்லை. சித்தப்பா வரட்டும், ஆராதனை முடியட்டும்.

1:53
ஏரல் மாமா (வாத்தியார்): இரண்டு இடத்தில் குழி வெட்டி ஒன்றை மூடுவது

1:53
ஏரல் மாமா (வாத்தியார்): சரி, சொல்லவில்லை

2:05
பெரியப்பா: செயலர் நம்பரை எனக்கு அனுப்பு தம்பி.

2:05
அப்பா: அனுப்பிவிட்டேன் அண்ணே

2:50
பெரியம்மா: 20 நிமிஷம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. சாப்பிட்டார்கள்.

3:15
நான்: கரிசல் கோயில்பிள்ளை பேசினார். அங்கே இறந்தவர் வயதை எண்ணித் துக்க மணி அடிப்பது பழைய வழக்கமாம். அடக்கம் எங்கே என்றாலும் இன்று மணி அடிக்கத்தான் போகிறார்களாம். ஐயருக்கு என்ன வயது என்று கேட்கிறார்.

3:15
மதுரை அக்கா: 91

3:16
ஏரல் அத்தை: 92

3:16
பெரியப்பா: பள்ளிச் சான்றிதழில் 1934 ஜூன் 1. 91.

3:17
ஏரல் அத்தை: அந்தக் காலத்தில் வாத்தியார்கள் எல்லோருக்கும் ஜூன் 1 போட்டார்கள். முதலூர் ஞானஸ்நானப் பதிவேட்டில் 1933 மார்ச் என்று இருக்கிறது, அப்பாவே என்னிடம் காட்டினார்கள்.

3:18
பெரியப்பா: ஓய்வு பெற்றது சான்றிதழ்படி இல்லையே, 98-லேயே 65 என்று சொன்னார்களே?

3:18
ஏரல் அத்தை: அதைத்தான் சொல்கிறேன். அப்பாவே பதிவேட்டைக் கொண்டுபோய்க் காட்டி, எனக்கு 65 ஆகிவிட்டது என்று ஒரு வருஷம் முன்னாடியே இறங்கினார்கள்.

3:19
துபாய் சித்தப்பா: ஒரு வருஷச் சம்பளத்தை விட்டுவிட்டா?

3:20
ஏரல் மாமா (வாத்தியார்): அந்தப் பதிவேட்டைப் பற்றி ஒரு விஷயம்

3:20
ஏரல் அத்தை: நீங்கள் முதலில் பஸ்ஸை விட்டு இறங்குங்கள், நம் நிறுத்தம் வந்துவிட்டது

3:22
நான்: கோயில்பிள்ளை லைனில் காத்திருக்கிறார். என்ன சொல்ல?

3:24
பெரியப்பா: 92 சொல்.

3:41
நான்: மணி அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். போனை வைக்காமல் பிடித்திருக்கிறார். ஸ்பீக்கரில் போட்டுப் பெரியப்பா பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

3:42
சின்ன அத்தை: எனக்கும் குரல் பதிவாக அனுப்பு

3:49
பெரியம்மா: வேன் இரண்டுக்கு யார் முன்பணம் கொடுப்பது என்று இன்னும் சொல்லவில்லையே?